டேப்லெட் வாங்கும் முன்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், சிவாஜிநகர், விவேக்நகர், பொம்மனஹள்ளி என்று எங்கே இருக்கும் சொந்தக்காரர், நண்பர் ஆனாலும், டேப் வாங்க வேண்டும் என்றால் எனக்கு ஒரு போன் வரும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். உதாரணத்துக்குச் சொல்லும் மாடல்களுக்குப் பதில் நாளை புது மாடல் வரலாம். கடையில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அவ்வளவு சீக்கிரம் மாறாது.

போன் இருக்கிறது, லேப்டாப்பும் இருக்கிறது. டேப் எதற்கு?

பல வீடுகளுக்குத் தேவையே இல்லை. உண்மையில் பயன்படுத்துகிறவர்கள் நாலு வகை: போன் எழுத்தைப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்கள், பாடப்புத்தகத்தை பி.டி.எஃப்.பில் படிக்கும் பிள்ளைகள், பேனாவால் குறிப்பெடுப்பவர்கள் அல்லது வரைபவர்கள், படுத்துக்கொண்டே படிக்கவோ படம் பார்க்கவோ விரும்புகிறவர்கள். இதில் யாருக்காக வாங்குகிறீர்கள் என்று ஒரே பெயர் சொல்ல முடிந்தால் பாதி வேலை முடிந்தது. "வீட்டில் எல்லாருக்கும் பொதுவாக ஒன்று இருக்கட்டுமே" என்று வாங்கினால், இரண்டே வாரத்தில் அது வீட்டின் சின்னக் குழந்தைக்குச் சொந்தமாகிவிடும். மற்றவர்கள் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியதுதான்.

எவ்வளவு பணம் ஒதுக்கலாம்?

பெரியவர்களுக்கு வீடியோ கால், பிள்ளைக்குப் பாடம், மாலையில் ஒரு படம். இவ்வளவுதான் வேலை என்றால் 12,000 முதல் 20,000 ரூபாய்க்குள் முடித்துவிடலாம். ரெட்மி பேட் எஸ்.இ., சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, ஏ9 பிளஸ், ஒன்பிளஸ் பேட் கோ போன்றவை இந்த விலை வட்டத்தில் வந்தவை. இவற்றின் அடுத்த தலைமுறை மாடல்களில் சில இந்த வட்டத்தைத் தாண்டியும் போகும்.

20,000 முதல் 35,000 வரை கொடுத்தால் வேகமான சிப், நல்ல திரை, நாலு ஸ்பீக்கர் கிடைக்கும். விளையாட்டு, பேனா வேலை, நாலைந்து வருட உழைப்பு வேண்டும் என்றால் இங்கே வாருங்கள். 2025 மார்ச்சில் வந்த ஏ16 சிப் ஐபேட் 128 ஜி.பி. சேமிப்போடு 34,900 ரூபாயில் ஆரம்பித்தது. அதற்கு மேலே போகிறவர்கள் டேப்பை வைத்துச் சம்பாதிப்பவர்களாக இருந்தால் சரி. இல்லாவிட்டால் அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல லேப்டாப் வந்துவிடும்.

டேப்பின் விலையோடு செலவு நிற்காது. கவர், கண்ணாடி, சில பெட்டிகளில் வராத சார்ஜர் இவற்றுக்குத் தனியாக ஓர் இரண்டாயிரம் எடுத்து வையுங்கள். பேனாவும் கீபோர்டும் வேண்டும் என்றால் கணக்கு வேறு மாதிரிப் போகும்.

5,000 ரூபாய்க்கு 12 ஜி.பி. ரேம், 512 ஜி.பி. சேமிப்பு என்கிறார்களே?

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் நடந்தால் இது கண்ணில் படும், ஆன்லைனிலும் நிறைய உண்டு. ரேம் என்பது திறந்திருக்கும் செயலிகளை டேப் கையில் வைத்திருக்கும் தற்காலிக நினைவகம். பெட்டி பளபளப்பாக இருக்கும். பெயர் பிரபலமான கம்பெனியின் பெயரிலிருந்து ஓர் எழுத்து தள்ளி இருக்கும். செட்டிங்ஸைத் திறந்து காட்டினால் 12 ஜி.பி. என்றுதான் வரும், ஏனென்றால் அந்த எண்ணையே மென்பொருளில் மாற்றி எழுதி வைத்திருப்பார்கள்.

நம்ப வேண்டியது செட்டிங்ஸ் காட்டும் எண்ணை அல்ல, டேப் நடந்துகொள்ளும் விதத்தை. கேமராவைத் திறந்து மூடுங்கள். குரோமில் நாலு பக்கம் திறந்து, முதல் பக்கத்துக்குத் திரும்பி வாருங்கள். பக்கம் முதலிலிருந்து லோட் ஆகிறதா? விசைப்பலகை மேலே வர ஒரு நொடிக்கு மேல் ஆகிறதா? 12 ஜி.பி. இருக்கும் டேப் இப்படித் திணறாது.

அடுத்தது, டேப்பின் பின்புறத்திலோ பெட்டியிலோ இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையைப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் டேப்லெட்டுகளுக்கு இந்தப் பதிவு கட்டாயம். முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் ஒரு பதிவு எண் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' என்ற அரசு செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். பெட்டியில் ஒரு பெயர், செயலியில் வேறு பெயர் என்றால் கடைக்காரரிடம் விவாதம் வேண்டாம், வெளியே வந்துவிடுங்கள். முத்திரையே இல்லை என்றால் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் யார் பொறுப்பு என்று யோசித்துக்கொள்ளுங்கள். அது குழந்தையின் கையில் இருக்கப்போகும் பொருள்.

ரேம் எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு?

இன்று வாங்கினால் 4 ஜி.பி. ரேம் என்பது கடைசிப் படி, அதற்குக் கீழே இறங்க வேண்டாம். மூன்று வருடமாவது ஓட வேண்டும் என்றால் 6 அல்லது 8. "4+4" என்று போட்டிருந்தால் பின்னால் இருக்கும் 4 ரேம் அல்ல. சேமிப்பிலிருந்து கொஞ்சம் இடத்தை எடுத்து ரேம் மாதிரிப் பயன்படுத்துவது அது, நிஜ ரேமின் வேகம் வராது.

சேமிப்பு 128 ஜி.பி. என்றால் நிம்மதி. 64 ஜி.பி.யில் ஆண்ட்ராய்டும் கூடவே வரும் செயலிகளும் தங்கள் பங்கை எடுத்த பிறகு மிச்சம் கொஞ்சம்தான். மெமரி கார்டு போடும் வசதி இருந்தால் படம், பாட்டு, பி.டி.எஃப். எல்லாம் அதில் போய்விடும், ஆனால் பெரும்பாலான செயலிகள் உள் சேமிப்பில்தான் உட்காரும். ஐபேடில் கார்டு போடும் இடமே கிடையாது. வாங்கும்போது எடுத்த அளவுதான் கடைசி வரை.

சிம் போடும் டேப் வேண்டுமா, வைஃபை போதுமா?

வீட்டுக்குள்ளேயே இருக்கும் டேப் என்றால் வைஃபை போதும். கரண்ட் போனால் ரவுட்டரும் போய்விடுமே என்பது பெங்களூரில் நியாயமான கவலைதான். அதற்குப் போன் ஹாட்ஸ்பாட் இருக்கிறது, அல்லது ஆயிரத்துச் சொச்சத்துக்கு ரவுட்டருக்கென்றே ஒரு மினி யு.பி.எஸ். வாங்கலாம். சிம் மாடலுக்குக் கூடுதலாகக் கொடுக்கும் இரண்டாயிரம், மூவாயிரத்தையும் மாதா மாதம் ரீசார்ஜையும் கூட்டிப் பார்த்தால் இது மலிவு.

சிம் யாருக்குத் தேவை? ஊரில் தனியாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு. ஆம்பூரிலோ தர்மபுரியிலோ இருக்கும் வீட்டில் வைஃபை இல்லை, ஹாட்ஸ்பாட் போட அவர்களுக்குத் தெரியாது. அங்கே சிம் போட்ட டேப் ஒன்றுதான் உருப்படியான வழி. சாம்சங்கின் எல்.டி.இ. (அதாவது 4ஜி), 5ஜி டேப்களில் பொதுவாக நேரடியாகப் போன் பேசவும் முடியும். ஐபேடில் சிம் போட்டாலும் டேட்டா மட்டும்தான், சாதாரண கால் பேச முடியாது.

ஓலா, ஊபர் ஓட்டுபவர்கள் வழி பார்க்க டேப் வாங்க நினைத்தால் ஒன்றைக் கவனியுங்கள். சிம் போடும் வசதி இல்லாத ஐபேடில் ஜி.பி.எஸ். இருக்காது, சில வைஃபை ஆண்ட்ராய்டு டேப்களிலும் இருக்காது. மேப் திறக்கும், நீல புள்ளி மட்டும் பின்னாடி எங்கேயோ நிற்கும்.

டேப்பில் ஜிபே, போன்பே வேலை செய்யுமா?

யு.பி.ஐ. பதிவு செய்யும்போது, வங்கியில் கொடுத்த எண்ணுள்ள சிம்மிலிருந்தே எஸ்.எம்.எஸ். போக வேண்டும். அந்த சிம் உங்கள் போனில் இருக்கும். அதனால் வைஃபை டேப்பில் இது நடக்காது. பணத்தை போனோடு வைத்துக்கொள்வதுதான் நல்லதும்கூட. வாட்ஸ்அப் பிரச்சினை இல்லை. போனில் இருக்கும் கணக்கையே இணைத்துக்கொள்ளலாம், போனைத் தவிர நாலு சாதனம் வரை அனுமதி. ஐபேடுக்கான தனி வாட்ஸ்அப்பும் 2025 மே மாதம் வந்துவிட்டது.

அம்மாவுக்கு வாங்குகிறேன். பெரிய திரையா, சின்னதா?

எல்லாரும் பெரியதைத்தான் வாங்குகிறார்கள். பாதிப் பேர் வீட்டில் அது தூக்க முடியவில்லை என்று கட்டிலில் கிடக்கிறது. டேப் ஏ9, 8.7 அங்குலம், எடை சுமார் 330 கிராம். ஏ9 பிளஸ், 11 அங்குலம், 480 கிராம். கவரும் சேர்ந்தால் பெரியது 700 கிராமைத் தாண்டலாம். மூட்டு வலி இருக்கும் கையில் பத்து நிமிடம் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கையில் வைத்துப் படிப்பவருக்குச் சின்னது. மேஜை மேல் நிறுத்தி வைத்துப் பேரப்பிள்ளையோடு பேசவும் சீரியல் பார்க்கவும் என்றால் பெரியது. அப்போது மடித்து நிறுத்தும் கவர் அவசியம்.

கொடுப்பதற்கு முன்னால் நீங்கள் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை கொஞ்சம் உண்டு. மொழியைத் தமிழாக்குங்கள். எழுத்தளவைப் பெரிதாக்குங்கள். முகப்பில் ஐந்தாறு செயலியை மட்டும் விட்டு மீதியை மறைத்துவிடுங்கள். ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து மைக் குறியை அழுத்திப் பேசக் காட்டுங்கள். தட்டச்சு தெரியாத அம்மா யூடியூபில் "கந்த சஷ்டி கவசம்" என்று பேசித் தேடப் பழகிவிட்டால், அதற்கப்புறம் உங்களுக்கு போன் வருவது பாதியாகக் குறையும். விரலால் திரையில் எழுதினால் தமிழாக மாறும் வசதியும் அதே ஜிபோர்டில் உண்டு, பழைய எழுத்துப் பழக்கம் உள்ளவர்களுக்குப் பிடிக்கும்.

பள்ளிக்கூடப் பிள்ளைக்கு?

பாடம் பார்க்க எந்த டேப்பும் போதும், எழுதவும் வேண்டும் என்றால்தான் பேனா கேள்வி வரும். எதை வாங்கினாலும் கொடுக்கும் நாளிலேயே ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபேடில் ஸ்க்ரீன் டைம் போட்டு நேர வரம்பு வைத்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து வைத்தால் வீட்டில் யுத்தம். இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்பது 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த வயதுக்கு டேப் வாங்க என்னிடம் யோசனை கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

தமிழ்ப் புத்தகங்கள் படிக்க எது நல்லது?

எனக்குப் பிடித்த கேள்வி, கடைக்காரர் யாரும் இதற்குப் பதில் சொல்ல மாட்டார். இங்கே திரையின் அங்குலத்தைவிட அதன் நீள அகல விகிதம் முக்கியம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு டேப்கள் 16:10, அதாவது படம் பார்க்கச் செய்தவை. நிமிர்த்திப் பிடித்தால் ஒல்லியாக, உயரமாக இருக்கும். அதில் ஏ4 அளவு பி.டி.எஃப். திறந்தால் மேலும் கீழும் இடம் வீணாகி, எழுத்து சின்னதாகிவிடும். ஐபேடும், 7:5 விகிதத்தில் வரும் ஒன்பிளஸ் பேட் கோவும் காகிதத்தின் வடிவத்துக்கு நெருக்கம். ஒரே 11 அங்குலத்தில் இந்த இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் வைத்து ஒரு பாடப்புத்தகப் பக்கத்தைத் திறந்து பாருங்கள், நான் சொல்ல வேண்டியதே இருக்காது.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கும் பழைய புத்தகங்கள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த பக்கங்கள். அவற்றில் எழுத்தைத் தனியாகப் பெரிதாக்க முடியாது, பக்கத்தையே விரித்து நகர்த்த வேண்டும். அவற்றுக்கு 10 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் போன்றவை தரும், எழுத்தளவை மாற்றிக்கொள்ள முடிகிற இபப் வடிவ நூல்கள் எந்த அளவிலும் அழகாக மடங்கி வரும், அதற்கு 8.7 அங்குலமே தாராளம்.

இரவில் மணிக்கணக்கில் நாவல் மட்டும்தான் படிப்பேன் என்றால் டேப்பே வேண்டாம், கிண்டில் வாங்குங்கள். ஸ்கேன் பி.டி.எஃப்.புக்கு மட்டும் சாதாரண கிண்டில் லாயக்கில்லை.

புது டேப்தான், ஆனால் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாகத் தெரிகிறதே?

திரையில் குறை இல்லை. நெட்ஃபிளிக்ஸ், பிரைம் மாதிரியான தளங்கள் தெளிவான படத்தை, திருட்டு நகல் எடுப்பதைத் தடுக்கும் வைட்வைன் என்ற பூட்டின் உயர்ந்த நிலையான எல்1 சான்று உள்ள சாதனத்துக்குத்தான் அனுப்பும். எல்3 மட்டும் இருந்தால் 480 பிக்சலோடு நிறுத்திவிடும், திரை எவ்வளவு உயர்வாக இருந்தாலும் சரி. வாங்கும் முன்பே கடையில் 'டி.ஆர்.எம். இன்ஃபோ' என்ற செயலியைப் போட்டு எல்1 என்று வருகிறதா பாருங்கள். மலிவு டேப்களில் பலவற்றின் சாயம் இங்கேதான் வெளுக்கும். யூடியூபில் போட்டுக் காட்டினால் எல்லா டேப்பும் அருமையாகத்தான் தெரியும்.

பேனா தனியாக 300 ரூபாய்க்குக் கிடைக்கிறதே, அது போதாதா?

அது விரலுக்குப் பதில் ரப்பர் முனை. அழுத்தத்துக்கு ஏற்பக் கோடு தடிக்காது, உள்ளங்கையைத் திரையில் வைத்தால் அதுவும் கோடாக விழும். நிஜமாக எழுதுகிறவர்களுக்கு சாம்சங்கின் எஸ்6 லைட், எஸ்9 எஃப்.இ. வரிசை நல்லது, எஸ் பென் பெட்டியிலேயே வரும், சார்ஜ் போடாமலே எழுதும். ஐபேடில் பேனாவுக்குத் தனிப் பணம். விலை குறைந்த யு.எஸ்.பி.-சி ஆப்பிள் பென்சில் அழுத்தத்தை உணராது. குறிப்பெடுக்கப் பரவாயில்லை, கோலமோ ஓவியமோ போடுகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.

லேப்டாப்புக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாமா?

மெயில், கூகுள் டாக்ஸ், மீட்டிங் வரை சரி. பெரிய எக்செல், டேலி, கோடிங் என்றால் வேண்டாம்.

ஐபேடா, ஆண்ட்ராய்டா?

ஐந்து வருடத்துக்கு மேல் வைத்துக்கொள்வேன், விற்கும்போது நல்ல விலை வேண்டும், வரைய வேண்டும் என்றால் ஐபேட். மெமரி கார்டு, வீட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனோடு ஒத்துப்போவது, குறைந்த விலை என்றால் ஆண்ட்ராய்டு. ஆண்ட்ராய்டில் ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்ததும் அதற்கு எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவதாகக் கம்பெனி சொல்கிறது, அந்த மாடல் எப்போது வந்தது என்று இரண்டையும் பாருங்கள். கணக்கு வெளியான நாளிலிருந்து ஓடும், நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு வருடம் பழைய மாடல் தள்ளுபடியில் கிடைக்கிறது என்றால் காரணம் இதுவாகவும் இருக்கலாம்.

செகண்ட் ஹேண்ட் வாங்கலாமா?

வாங்கலாம், பெங்களூரில் நல்ல பொருளும் கிடைக்கும். ஆபீஸ் மாறுகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் அதிகம். அதே காரணத்தால் ஆபீஸ் டேப்களும் சந்தைக்கு வந்துவிடுகின்றன. கம்பெனி பூட்டு போட்ட டேப்பை எத்தனை தடவை ரீசெட் செய்தாலும், இணையத்தில் சேர்ந்ததும் "இந்தச் சாதனம் உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது" என்று வந்து நிற்கும். ஆன்லைன் டியூஷனுக்காகக் கொடுக்கப்பட்ட டேப்களிலும் இதே கதை உண்டு.

அதனால் வீட்டில் போய்ப் பார்ப்போம் என்று வாங்கிக்கொண்டு வராதீர்கள். விற்பவர் கண் முன்னால் செட்டிங்ஸ் வழியாகவே முழு ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பிறகு உங்கள் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கைப் போட்டு, முகப்புத் திரை வரை வந்துவிடுங்கள். நடுவில் பழைய ஆளின் ஜிமெயிலையோ ஆப்பிள் ஐ.டி.யையோ கேட்டால் அவரே அங்கேயே நீக்கிக் கொடுக்க வேண்டும். "அப்புறம் அனுப்புறேன் அண்ணா" என்பதற்குப் பணம் கொடுக்கக் கூடாது.

சிம் மாடல் என்றால், ஒவ்வொரு சாதனத்துக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைப் பாருங்கள். 'கே.ஒய்.எம்.' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு அந்த 15 இலக்க எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பினால், திருட்டுப் புகாரில் முடக்கப்பட்டதா என்று தெரிந்துவிடும். கடைசியாக டேப்பைச் சமதளத்தில் குப்புற வைத்து மூலைகளை அழுத்துங்கள். ஆடினால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கலாம். ஞாயிறு பஜாரில் தரையில் விரித்து விற்பதை நான் தொட்டே பார்ப்பதில்லை.

எஸ்.பி. ரோடா, ஷோரூமா, ஆன்லைனா?

டேப்புக்கு ஆன்லைன் அல்லது ஷோரூம். கவர், கண்ணாடி, கேபிளுக்கு எஸ்.பி. ரோடு. பச்சை வழி மெட்ரோவில் சிக்பேட்டையில் இறங்கி நடக்கலாம், ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அங்கே டேப்பும் நேர்மையாக விற்கிறவர்கள் இருக்கிறார்கள். "பில் இல்லாம வாங்கிக்கோங்க, குறைச்சுத் தர்றேன்" என்று சொன்னால் மட்டும் சம்மதிக்காதீர்கள். டேப்புக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், அதைத் தவிர்க்கத்தான் அந்தத் தள்ளுபடி. பில் இல்லாவிட்டால் வாரண்டி பேசவும் முடியாது, தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யக் கையில் காகிதமும் இருக்காது. தொழில் செய்கிறவர்கள் ஜி.எஸ்.டி. எண் போட்டு பில் வாங்கினால், தொழிலுக்குப் பயன்படும் டேப்பின் வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் வழி உண்டு.

நோ காஸ்ட் இ.எம்.ஐ. நிஜமாகவே வட்டி இல்லாததா?

முழுசாக இல்லை. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த அளவுக்குக் கடைக்காரரோ கம்பெனியோ விலையில் முன்கூட்டியே கழித்துவிடுகிறார்கள். ஆனால் வட்டியின் மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், சில வங்கிகள் வாங்கும் பிராசஸிங் கட்டணமும் உங்கள் தலையில்தான். 20,000 ரூபாய் டேப்புக்கு இது சில நூறு ரூபாயில் நிற்கும். அதைவிட, முழுப்பணம் கட்டினால் அதே கார்டுக்கு வேறு தள்ளுபடி இருக்கிறதா என்று பாருங்கள். பண்டிகைக் கால விற்பனையில் இரண்டு விலையும் ஒரே பக்கத்தில்தான் இருக்கும், பெரிய எழுத்தில் இருப்பது மட்டும் இ.எம்.ஐ.